மஞ்சள் கிழங்கிலிருந்து க்ரீம் டப்பா வரை: நாம் தோலுக்குப் பூசியவற்றின் வரலாறு



இந்தச் சிறப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொன்னாங்க. வரலாறு என்றால் ராஜா, சண்டை, கோட்டை என்றுதான் நாம பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கோம். நான் எழுதுவது நம்ம வீட்டுக் குளிக்கிற இடத்துல, கண்ணாடிப் பலகையில இருக்கிற பொருள்களோட வரலாறு. சோப்பு, பவுடர், முகக் க்ரீம், டை பாக்கெட், பொட்டு, மை. இதெல்லாம் எப்படி நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு, இதுல எது கெடுதல் செஞ்சுது, அதை யார் கேள்வி கேட்டாங்க என்பதுதான் விஷயம்.

இதைப் படிச்சுப் பார்த்தால் ஒன்று தெளிவாத் தெரியும். நிறத்தை மாத்துறேன், அழகாக்குறேன் என்று சொல்லித்தான் பெரும்பாலும் விஷம் நம்ம முகத்துக்கு வந்திருக்கு. யாராவது ஒரு பெண் பாதிக்கப்பட்ட பிறகுதான் சட்டம் வந்திருக்கு. டப்பாவில் இருக்கும் பொடி எழுத்து சும்மா வந்தது இல்லை.

கடை இல்லாத காலம்

நம்ம பாட்டிமார் காலத்துல தோலுக்குப் போடுற பொருள் எல்லாம் காட்டிலும் கொல்லையிலும் கிடைச்சுது. தலைக்கு அரப்பு, சீயக்காய். உடம்புக்குப் பாசிப்பயறு மாவு, கடலை மாவு. முகத்துக்கு மஞ்சள் கிழங்கைக் கல்லுல உரசிப் பூசுவாங்க. சனிக்கிழமை ஆம்பளைங்களுக்கும், வெள்ளிக்கிழமை பொம்பளைங்களுக்கும் நல்லெண்ணெய்க் குளியல். துணி வெளுக்க உவர்மண். பிள்ளைக்கு நலங்கு மாவு என்றால் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் காய வச்சு அரைப்பாங்க. கண்ணுக்கு மை வேணும்னா விளக்குப் புகையைத் தட்டுல பிடிச்சு விளக்கெண்ணெயில குழைப்பாங்க.

இதுல ஒரு நல்ல விஷயம் உண்டு. என்ன போடுறோம் என்று போடுறவங்களுக்கே தெரியும். அரைச்சதும் அவங்கதான், பூசினதும் அவங்கதான். எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தன் முகத்துல என்ன இருக்கு என்று தெரிஞ்சிருந்துச்சு.

சோப்பு வந்த கதை

வெள்ளைக்காரன் காலத்துல கப்பலில் சோப்பு வந்துச்சு. பிறகு நம்ம நாட்டிலேயே செய்ய ஆரம்பிச்சாங்க. நமக்குப் பக்கத்துல இருக்கும் பெங்களூரைச் சொல்லலாம். முதல் உலகப் போர் நேரத்துல மைசூர் சந்தனக் கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமல் தேங்கிப் போச்சு. அப்போ மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1916இல் அரசு சோப்புத் தொழிற்சாலை தொடங்கினார். மைசூர் சாண்டல் சோப்பு அப்படித்தான் வந்துச்சு.

1969இல் சென்னையில் ரயில்வேயில் டாக்டராக இருந்த வி.பி.சித்தன் என்பவர், வீட்டிலேயே கையால் மூலிகை சோப்பு செய்ய ஆரம்பிச்சார். கூட நின்னு உழைச்சது அவர் மனைவி. அதுதான் மெடிமிக்ஸ். வீட்டு அடுப்படியில ஆரம்பிச்ச தொழில் எவ்வளவு தூரம் போகும் என்று நம்மைப் போன்ற குழுக்காரங்களுக்கு இது நல்ல உதாரணம்.

பிறகு 1970களில் கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் பொருள்களைச் சின்னப் பாக்கெட்டில் அடைச்சு விற்கும் முறையைக் கொண்டு வந்தார். அவருடைய பிள்ளைகள் காலத்துல ஷாம்பு பாக்கெட் தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு. பெரிய பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரப் பெண்ணும் சில்லறைக் காசுல ஷாம்பு போட முடிஞ்சுது. அது பெரிய மாற்றம்தான். ஆனா அதோட ஒரு குறையும் வந்துச்சு. நம்ம நாட்டு விதிப்படி 30 கிராமுக்குக் குறைவான க்ரீமுக்கும், 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் உள்ளே என்னென்ன இருக்கு என்ற பட்டியலைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய டப்பா வாங்குறவங்களுக்குப் பட்டியல் கிடைக்குது. சின்னப் பாக்கெட் வாங்குற நமக்குக் கிடைக்கிறதில்லை.

வெள்ளை ஈயம் பூசிய ராணிகள்

விஷம் பூசும் பழக்கம் நம்ம ஊரில் தொடங்கியது இல்லை. ஐரோப்பாவில் பல நூறு வருஷமாகப் பணக்காரப் பெண்கள் முகம் வெளுப்பாகத் தெரியணும் என்று வெள்ளை ஈயத்தைக் குழைச்சுப் பூசினாங்க. ஈயம் உடம்புக்குள் போனால் நரம்பு கெடும், ரத்தம் குறையும், வயித்துப் பிள்ளைக்கும் ஆபத்து. பூசப் பூசத் தோல் கெட்டுப் போகும். கெட்டுப் போனதை மறைக்க இன்னும் தடிமனாகப் பூசுவாங்க. இங்கிலாந்தில் மரியா கன்னிங் என்ற பேரழகி 1760இல் முப்பது வயசுகூட ஆகாமல் இறந்து போனாங்க. அந்த ஈயப் பூச்சுதான் காரணம் என்று அப்போதே பேசிக்கிட்டாங்க.

ஜப்பானிலும் இதே கதை. அங்கே நாடகக்காரர்களும் பெண்களும் ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சு பூசுவாங்க. 1887இல் பேரரசர் முன்னால் நாடகம் ஆடின ஒரு பெயர் பெற்ற நடிகருக்கு மேடையிலேயே நடுக்கம் வந்துச்சு. ஈய விஷம் என்று தெரிஞ்சது. அதுக்குப் பிறகுதான் ஈயம் இல்லாத பூச்சு கண்டுபிடிக்கும் வேலை வேகமாச்சு. சாதாரண வீட்டுப் பெண்கள் எத்தனை பேருக்கு அப்படி நடுக்கம் வந்திருக்கும், அதை யார் எழுதி வச்சாங்க?

கண் போன பிறகு வந்த சட்டம்

இப்போ சொல்லப்போறது முக்கியமான கதை. 1933 வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று ஒரு சாயம் விற்பனைக்கு வந்துச்சு. கண் இமையும் புருவமும் கருப்பாகும் என்று விளம்பரம். அழகு நிலையத்துல போட்டுக்கிட்ட பல பெண்களுக்குக் கண் வீங்கிப் புண்ணாச்சு. ஒரு பெண்ணுக்குப் பார்வை போச்சு. இன்னொரு பெண் இறந்தே போனாங்க. அதில் இருந்த பொருள் பேரு பாரா ஃபினைலின் டையமின். சுருக்கமா பி.பி.டி. என்று சொல்றாங்க.

இவ்வளவு நடந்தும் அந்த நாட்டு அரசு அதைத் தடுக்க முடியலை. ஏன்னா அங்கே இருந்த 1906ஆம் வருஷத்துச் சட்டத்தில் உணவும் மருந்தும்தான் இருந்துச்சு. அழகுப் பொருள் என்ற வார்த்தையே இல்லை. அதிகாரிகள் பாதிக்கப்பட்ட பெண்ணின் முன், பின் போட்டோக்களை எல்லாம் வச்சு ஒரு கண்காட்சி செஞ்சாங்க. அதைப் பெண்கள் சங்கங்களுக்குக் கொண்டு போய்க் காட்டினாங்க. அந்தச் சங்கத்துப் பெண்கள்தான் சும்மா இருக்காமல் ஊர் ஊராகப் பேசி, மனு கொடுத்து, விடாமல் கேட்டாங்க. கம்பெனிக்காரங்க எதிர்த்தாங்க. அஞ்சு வருஷம் இழுத்துச்சு. நடுவில் 1937இல் ஒரு விஷ மருந்து குடிச்சு நூறு பேருக்கு மேல், அதில் நிறையக் குழந்தைகள், இறந்து போன பிறகுதான் 1938இல் புதுச் சட்டம் வந்துச்சு. அதில் அழகுப் பொருளும் சேர்ந்துச்சு.

இது எங்கேயோ நடந்த கதை என்று விட்டுடாதீங்க. இன்னைக்கு நம்ம கடையில் விற்கும் கருப்பு டை பாக்கெட் பெரும்பாலானதுல அதே பி.பி.டி.தான் இருக்கு. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. "புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, பார்வை போகலாம்" என்று எச்சரிக்கை இருக்கும். முதலில் கொஞ்சம் கரைச்சுக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ தடவி, 24 மணி நேரம் பார்த்துட்டு, அரிப்பு தடிப்பு இல்லைன்னா மட்டும் தலைக்குப் போடு என்றும் இருக்கும். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் கண்ணை இழந்த பெண்களோட கதை இருக்கு. கல்யாணத்துக்குக் கையில் வைக்கும் "கருப்பு மருதாணி" கோனிலும் சீக்கிரம் கருக்கணும் என்று இதையே கலக்கிறாங்க. நல்ல மருதாணி கருப்பாகப் பிடிக்காது, சிவப்பாகத்தான் பிடிக்கும்.

நம்ம நாட்டுச் சட்டம்

நம்ம நாட்டில் 1940இல் மருந்துச் சட்டம் வந்துச்சு. 1962இல்தான் அழகுப் பொருளையும் அதில் சேர்த்தாங்க. சாயத்துக்காக ஈயம், ஆர்சனிக் சேர்க்கக் கூடாது, பாதரசம் சேர்க்கக் கூடாது என்று விதி வந்துச்சு. 2020இல் அழகுப் பொருளுக்கு என்றே தனி விதிகள் போட்டாங்க. அதன்படி முகத்துக்குப் போடும் க்ரீமில் பாதரசம் தெரியாமல் கலந்தால்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

பாதரசம் என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்காரங்களுக்குத் தெரியும். கொடைக்கானலில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் செய்த தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டுச்சு. அங்கே வேலை பார்த்த 591 பேர் உதவித்தொகை வாங்க 2016 வரை போராட வேண்டியிருந்துச்சு. ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் தொழிற்சாலைப் பாதரசம் மீனுக்குள் போய், மீன் சாப்பிட்டவங்க கை கால் விளங்காமல் போனது 1956இல் வெளியே வந்துச்சு. அந்த ஊர் பேரிலேயே 2013இல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. 2018இல் இந்தியாவும் அதில் முழுசாகச் சேர்ந்துச்சு. பாதரசம் சேர்த்த அழகுப் பொருளைத் தயாரிக்கிறதையும், ஏற்றுமதி இறக்குமதி செய்யறதையும் நிறுத்தணும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கு.

சிவப்பாகணும் என்ற ஆசை

இவ்வளவு சட்டம் இருந்தும் பாதரசம் ஏன் க்ரீமுக்குள் வருது? காரணம் நிறம். நம்ம தோலுக்குக் கருப்பு நிறம் கொடுக்கிறது மெலனின் என்ற பொருள். வெயிலில் இருந்து நம்மைக் காப்பாத்துறதும் அதுதான். அந்த மெலனின் உண்டாகிறதைப் பாதரசம் தடுத்துடும். அதனால் கொஞ்ச நாளில் முகம் வெளுக்கும். பார்க்கிறவங்க "என்ன க்ரீம் போட்டே?" என்று கேட்பாங்க. உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது வெளியே தெரியாது. பூசினவங்க தலையணை, துண்டு, கை வழியாகப் பால் குடிக்கிற பிள்ளைக்கும் போகும்.

"கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி சொல்லிக்கிட்டே, பெண் பார்க்கப் போனால் "பொண்ணு சிவப்பா?" என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியை வச்சுத்தான் வியாபாரம் வளர்ந்துச்சு. 1919இல் பம்பாயில் ஆப்கன் ஸ்னோ வந்துச்சு. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்துச்சு. கருப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று வருஷக் கணக்காக டிவியில் காட்டினாங்க. 2009இல் சென்னையில் இருந்து ஒரு பெண்கள் அமைப்பு "டார்க் இஸ் பியூட்டிஃபுல்", அதாவது கருப்பும் அழகுதான் என்று இயக்கம் நடத்துச்சு. 2014இல் கருப்பு நிறத்தைத் தாழ்த்திக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று விளம்பரத் துறையின் சபையே நெறிமுறை போட்டுச்சு. 2020இல் அந்த க்ரீமின் பேரில் இருந்த "ஃபேர்" என்ற வார்த்தையும் போச்சு.

பேரு போச்சு, ஆசை போகலை. இப்போ வருகிற பெரிய ஆபத்து கம்பெனி டப்பாவைவிட, பேரும் ஊரும் இல்லாத டப்பாவில்தான். பக்கத்துக் கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை டாக்டர்கள் கவனிச்ச விஷயத்தைக் கேளுங்க. 2021 ஜூலையில் இருந்து 2023 செப்டம்பர் வரை 22 பேருக்குச் சிறுநீரில் புரதம் போகும் ஒரு வகை சிறுநீரக நோய் வந்துச்சு. அதில் 15 பேருக்கு நோயின் அடையாளம் ஒரே மாதிரி இருந்துச்சு. விசாரிச்சால், அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவங்க. கேரள அரசு "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று பேர் வச்சுக் கடை கடையாகச் சோதனை போட்டுச்சு.

இரண்டாவது ஆபத்து ஸ்டீராய்டு களிம்பு. படை, சொறிக்கு டாக்டர் சில நாளைக்கு எழுதிக் கொடுக்கிற மருந்து அது. அதை முகம் வெளுக்கும் என்று மாசக்கணக்கில் தடவுறாங்க. எங்க பக்கத்துல ஒரு தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தடவுச்சு. முதல் மாசம் பளபளன்னு இருந்துச்சு. பிறகு வெயிலில் போனால் முகம் மிளகாய் பூசின மாதிரி எரியும், கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியும், பொடி முடி முளைக்கும். நிறுத்தினால் இன்னும் எரியுது என்று திரும்பத் தடவும். கடைசியில் தோல் டாக்டரிடம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரி செய்ய முடிஞ்சுது. இப்படிப் பல பேர் கெட்டுப் போனதாலதான் 2018இல் அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டுச்சு. களிம்பின் பேரில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஞாபகம் வச்சுக்குங்க.

இயற்கை என்றாலே நல்லதா?

அப்போ பாட்டி வழிக்கே திரும்பிடலாம் என்று தோணும். பாதி சரி. ஆனால் சேங்கொட்டைப் பாலும் இயற்கைதான், பட்டால் தோல் வெந்துடும். நலங்கு மாவில் சிலர் சேர்க்கும் கார்போக அரிசி அளவு கூடினால், வெயில் பட்டதும் கருத்துக் கொப்புளம் வரும். எலுமிச்சைச் சாறு தடவிட்டுக் களையெடுக்கப் போனாலும் அப்படித்தான். கடையில் வாங்கும் மஞ்சள் தூளுக்குப் பளிச்சென்று நிறம் வர ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி உண்டு. வங்கதேசத்தில் இதை 2019இல் ஆராய்ச்சி செய்து வெளியே கொண்டு வந்த பிறகு அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்துச்சு. அதனால் கிழங்காக வாங்கி அரைக்கிறதுதான் நல்லது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ரசாயனத்தால் நெற்றியில் வெள்ளைத் தழும்பு விழுந்தவங்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கோம். அரிச்சா உடனே மாத்திடணும்.

"ஹெர்பல்", "கெமிக்கல் இல்லாதது" என்று முன்பக்கம் பெரிசாக எழுதினால் மட்டும் நம்பக் கூடாது. பின்பக்கத்தைத்தான் படிக்கணும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. தயாரிப்பாளர் பேரும் முழு முகவரியும் இருக்கா? உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கா? இதில் ஒன்று இல்லாட்டியும் வாங்காதீங்க. வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இறக்குமதி செய்தவர் முகவரியும் வேணும்.

2. பட்டியலில் மெர்க்குரி, கேலோமெல், மெர்க்குரிக், மெர்க்குரஸ், அம்மோனியேட்டட் மெர்க்குரி என்ற வார்த்தை எது இருந்தாலும் பாதரசம்தான். எழுதாமலும் கலப்பாங்க.

3. "தங்கம், வெள்ளி நகை மேல் படக் கூடாது" என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்க. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கும். நகைக்கு ஆகாதது முகத்துக்கு எப்படி ஆகும்?

4. ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று சொன்னால் விலகிடுங்க. அவ்வளவு வேகமாக வெளுக்க வைக்கிற க்ரீமில் பெரும்பாலும் பாதரசமோ ஸ்டீராய்டோதான் இருக்கும்.

5. புதுசாக எதை வாங்கினாலும் முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. வாசனை அதிகம் உள்ளதைக் குறைங்க. "பர்ஃப்யூம்" என்ற ஒரே வார்த்தைக்குள் பல ரசாயனம் இருக்கும்.

6. ஏற்கெனவே போட்டுக்கிட்டு இருக்கிற க்ரீம் மேல் சந்தேகம் வந்தால், டப்பாவோடு தோல் டாக்டரைப் பாருங்க. கால் வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் தள்ளிப் போடாதீங்க.

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

1989இல் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பிச்சது. அன்னைக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்ட அக்காமார்கள் இன்னைக்குப் பேங்க் மேனேஜரிடம் வட்டிக் கணக்குக் கேட்கிறாங்க. பாஸ் புத்தகத்தில் ஒரு ரூபாய் குறைஞ்சாலும் நமக்குத் தெரியும். அதே கவனம் முகத்துல பூசுற டப்பா மேலயும் வேணும். அமெரிக்காவில் சட்டம் வரக் காரணமா இருந்தது நம்மைப் போன்ற சங்கத்துப் பெண்கள்தான்.

எனக்கு மூன்று யோசனை உண்டு. ஒன்று, குழுக் கூட்டம் நடக்கிற இடத்துக்கே பேர் இல்லாத வெள்ளை டப்பாவைக் கொண்டு வந்து தவணையில் விற்கிறாங்க. முகவரியும் உரிம எண்ணும் இல்லாத எந்தப் பொருளையும் நம்ம கூட்டத்தில் விற்க விடுவதில்லை என்று எல்லா குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். இரண்டு, நம்ம குழுக்கள் சோப்பு செய்து விற்கிறோம். விற்பனைக்குச் செய்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் எடுக்கணும். காஸ்டிக் சோடா போட்டுக் கையால் ஊத்தின சோப்பை நாலு முதல் ஆறு வாரம் காய வச்ச பிறகுதான் கொடுக்கணும். என்ன சேர்த்தோம் என்று தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் போடணும். பாக்கெட் சின்னதாக இருந்தாலும் போடணும். மூன்று, ஒவ்வொரு மாசக் கூட்டத்திலும் வீட்டில் இருக்கும் ஒரு டப்பாவை யாராவது கொண்டு வந்து, படிக்கத் தெரிஞ்சவங்க பின்பக்கத்தை எல்லோருக்கும் வாசிச்சுச் சொல்லணும். பத்து நிமிஷம் போதும்.

நம்ம பொண்ணுங்க இந்த மலரைப் படிக்கும் வயசு வரும்போது, அவங்க முகத்தைப் பார்த்து "நிறம் கம்மி" என்று சொல்கிற வார்த்தை நம்ம வாயில் இருந்து வராமல் இருக்கணும். அந்த வார்த்தையை நாம விட்டாத்தான் அந்த டப்பாவுக்கும் கிராக்கி குறையும்.

வாழ்க மகளிர் ஒற்றுமை.

இப்படிக்கு,
உங்கள் சக குழு உறுப்பினர்